சென்னையில் இனி எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது?

கேள்வி கேட்டவருக்குச் சைதாப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது, ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனை. பில்டர் ஒருவர் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கேட்கிறார், அதாவது இவர் நிலம் தர, அவர் கட்டி, ஃபிளாட்டுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. "எஃப்எஸ்ஐ கூடிவிட்டது, இன்னும் கூடப் போகிறது, அவசரப்படாதே" என்கிறார் மாமா. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்ற அளவைத்தான் எஃப்எஸ்ஐ என்கிறார். கேள்வி கேட்டவர் அதோடு சேர்த்து ஒரு பெரிய கேள்வியும் கேட்டிருக்கிறார். சென்னையில் இனி எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? கட்டட உயரத்தை ஏற்றிவிட்டால் எல்லோருக்கும் வீடு கிடைத்துவிடாதா, வீட்டு விலை இறங்காதா? எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் வருகிறதாமே, அதில் சாதாரண மனிதர் எதைப் பார்க்க வேண்டும்?

பெரிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிந்தால்தான் அந்த ஒரு கிரவுண்டைப் பற்றி ஏதாவது உருப்படியாகச் சொல்ல முடியும். நகரமைப்பு வரைபடங்களோடு இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இந்த நகரம் என் ஊர் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விதிப்புத்தகம் எவ்வளவு கட்ட அனுமதிக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்தத் தெருவும் குழாயும் வடிகாலும் எத்தனை பேரைத் தாங்கும் என்பது இன்னொரு கணக்கு. நம்மூரில் முதல் கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். பில்டர், வங்கி, வாங்குகிறவர் எல்லோருக்கும் அதுவே போதுமானதாக இருக்கிறது. இரண்டாவது கணக்கை மழை வரும்போதும் கோடை வரும்போதும் நகரமே போட்டுக் காட்டுகிறது.

எஃப்எஸ்ஐ என்றால் தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்கிற எண். இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது சாதாரணக் கட்டடத்துக்கு அது 1.5. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தபோது 2 ஆனது. அகலமான சாலையில் எழும்பும் உயரமான கட்டடத்துக்கு 3.25. அதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐ உண்டு. சாலை 18 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் 50 சதவீதம் கூடுதல், 12 முதல் 18 வரை 40 சதவீதம், 9 முதல் 12 வரை 30 சதவீதம். ஆக, பெரிய சாலையில் 3.25 என்பது 4.87 வரை போகும். எண் ஏறியது உண்மை, மாமா சொல்வதில் தவறில்லை. ஆனால் எல்லாமே சாலையின் அகலத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இதற்குத் திரும்ப வருவேன்.

சரி, ஒரு நகரத்தில் இன்னும் எவ்வளவு கட்டலாம் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மொத்தப் பரப்பை எடுத்துக்கொள்வார்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும்பகுதிகளும் அரக்கோணம் பக்கமும் உள்ளே வந்துவிட்டன. இதைப் பார்த்தவுடன் "ஐந்து மடங்கு இடம் வந்துவிட்டதே" என்று தோன்றும். அப்படி இல்லை. அதிலிருந்து ஏரி, குளம், ஆறு, வாய்க்கால், கழுவெளி (சதுப்புநிலம்), காடு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதி இவற்றைக் கழிக்க வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்தையும் தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் சுற்றி உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. பரங்கிமலை, ஆவடி போன்ற இடங்களில் ராணுவ நிலம் இருக்கிறது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய நிலத்தடி நீர் ஊறும் மணல் பகுதிக்கும் தனிக் கட்டுப்பாடுகள். இவையெல்லாம் போக மிச்சமிருப்பதில் ஏற்கெனவே கட்டியதைக் கழித்தால் கட்டத்தக்க நிலம் கிடைக்கும். அதை எஃப்எஸ்ஐயால் பெருக்கினால் விதி அனுமதிக்கும் மொத்தத் தளப்பரப்பு வரும்.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். உண்மையான வேலை இதற்கப்புறம்தான் இருக்கிறது.

நியூசிலாந்தில் 2020இல் நகர வளர்ச்சிக்கென்று ஒரு தேசியக் கொள்கை கொண்டுவந்தார்கள். அங்கே பெரிய நகர மன்றங்கள் "எங்கள் திட்டம் இவ்வளவு கட்ட அனுமதிக்கிறது" என்று சொன்னால் போதாது. அதில் எவ்வளவுக்குத் தண்ணீர், கழிவுநீர், சாலை தயார்? எவ்வளவு இன்றைய விலையில் கட்டினால் கட்டுகிறவருக்குக் கையைக் கடிக்காது? எவ்வளவு உண்மையில் கட்டப்படும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாம்? இத்தனை சல்லடையிலும் சலித்து, மூன்று வருடத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும். எதிர்பார்க்கும் தேவைக்கு மேல் 15, 20 சதவீதம் கூடுதலாகவும் இடம் வைத்திருக்க வேண்டும். அந்த நாட்டு நிலைமை வேறு, மக்கள்தொகை வேறு, அதை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் அந்தச் சல்லடைகள் நமக்கும் வேண்டும் என்று நான் முழு மனதோடு நினைக்கிறேன்.

நம்மூரில் கடைசிச் சல்லடையைப் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் எத்தனையோ வீடுகள் கோயில் அடிமனையில் நிற்கின்றன. சுவர் உங்களுடையது, மண் கோயிலுடையது. அங்கே எஃப்எஸ்ஐ பத்தாக ஏறினாலும் ஒரு செங்கல்கூட அதிகமாகாது. இன்னொரு பக்கம் பாகப்பிரிவினை முடியாத வீடுகள். அண்ணன் அமெரிக்காவில், தங்கை வழக்கில், கீழ்ப்போர்ஷனில் முப்பது வருட வாடகைக்காரர். ஜார்ஜ் டவுனில் முகப்பு பத்தடி, ஆழம் எழுபதடி என்று ஓடும் மனைகள். வரைபடத்தில் இவை எல்லாமே வளர்ச்சிக்கு வாய்ப்புள்ள இடம் என்று ஒரே நிறத்தில்தான் தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கும் இதையே சொல்கிறது. பழைய மாநகராட்சி எல்லைக்குள், அதாவது 174 சதுர கிலோமீட்டருக்குள், 2001இல் ஏறத்தாழ 43.4 லட்சம் பேர் இருந்தார்கள். 2011இல் 46.5 லட்சம். பத்து வருடத்தில் மூன்று லட்சம்தான் கூடியது. ஐடி வேலைக்காக ஊர் ஊராக ஆட்கள் வந்து குவிந்த பத்து வருடம் அது. வந்தவர்கள் போன இடம் புறநகர். இரண்டாம் முழுமைத் திட்டம் 2026இல் பெருநகர்ப் பகுதி முழுவதற்கும் சுமார் 126 லட்சம் பேரை எதிர்பார்த்தது. மொத்த எண்ணைவிட அந்த ஆட்கள் எங்கே போய்க் குடியேறினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழாயும் பேருந்தும் பள்ளியும் இருந்த இடத்தில் அல்ல, அவை இல்லாத இடத்தில்.

இனி ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். கற்பனைத் தெருதான், ஆனால் நங்கநல்லூரிலோ மேற்கு மாம்பலத்திலோ இப்படி நூறு தெருக்கள் உண்டு. ஆளுக்கு ஒரு கிரவுண்டு, நாற்பது வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 160 பேர். இந்திய நகரங்களுக்கான நெறிமுறைப்படி பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆக 21,600 லிட்டர். இப்போது நாற்பது வீட்டையும் இடித்து, எஃப்எஸ்ஐ 2 என்று கட்டினால் மனைக்கு 4,800 சதுர அடி, 1,200 அடி ஃபிளாட் நான்கு. நாற்பது குடும்பம் 160 குடும்பம் ஆகிறது, 160 பேர் 640 பேர் ஆகிறார்கள். தண்ணீர் 86,400 லிட்டர் வேண்டும். கூடுதலாக வேண்டிய 64,800 லிட்டர் குழாயில் வராவிட்டால் தினமும் 9,000 லிட்டர் லாரி குறைந்தது ஏழு அந்தத் தெருவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். ஒரு தெருவுக்கு ஏழு லாரி! அந்த லாரி தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் புறநகரில் ஏதோ ஒரு விவசாயக் கிணற்றிலிருந்து.

பயன்படுத்திய தண்ணீரில் சுமார் எண்பது சதவீதம் சாக்கடைக்கு வரும். அந்தக் குழாயின் விட்டத்தை யாரும் பெருக்கவில்லை. நாற்பது கார் நிற்கிற தெருவில் நூற்று அறுபது கார் நிற்க இடம் வேண்டும் என்றாகிவிடும். ஸ்டில்ட்டில், அதாவது தூண்கள் மட்டும் உள்ள தரைத்தளத்தில், பார்க்கிங் இருக்கிறது என்பார்கள். ஆனால் இரண்டாவது கார் தெருவில்தான் நிற்கும். தெருவின் அகலம் அதே இருபத்தைந்து அடி.

இந்தக் கணக்கை வைத்து "அப்படியென்றால் நகரத்துக்குள் அடர்த்தியே வேண்டாம்" என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது நேர் எதிரானது. வேலைக்கும் ரயிலுக்கும் அருகில் நிறையப் பேர் வாழ்வதுதான் ஊருக்கு நல்லது, ஏரிகளுக்கும் நல்லது. எண்ணை ஏற்றுகிற அன்றே குழாயையும் ஏற்று என்பதுதான் என் கோரிக்கை. எஃப்எஸ்ஐ 1.5இலிருந்து 2 ஆனது ஒரே அரசாணையில். குழாய் மாற்றுவதற்குப் பத்து வருடம் ஆகும். இந்த இடைவெளியில்தான் நம் தெருக்கள் தவிக்கின்றன. திட்ட அனுமதி தரும்போது உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் என்று ஒன்றை வாங்குகிறார்கள். அந்தப் பணம் எந்தத் தெருவிலிருந்து வந்ததோ அந்தப் பகுதிக்கே போய்ச் சேரும்படியும், கணக்கு வார்டு அளவில் வெளியே தெரியும்படியும் செய்தாலே பாதிக் கோபம் தணியும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் அமைந்த காலத்தில் இந்த நகரத்தின் குடிநீர் அமைப்பை வடிவமைத்தவர் மேட்லி என்ற மாநகராட்சிப் பொறியாளர். தி.நகரில் மேட்லி சுரங்கப்பாதை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர்தான். அன்றைக்குச் சில லட்சம் பேருக்குப் போட்ட அடித்தளத்தின் மேல்தான் பிற்பாடு பூண்டி, செம்பரம்பாக்கம், வீராணம், மீஞ்சூர், நெம்மேலி என்று ஏரிகளையும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைத்திருக்கிறோம். 2019 ஜூனில் ஏரிகள் அநேகமாக வறண்டே போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ரயிலை வரவேற்க ஆட்கள் நின்ற படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. அதற்கு மூன்றரை வருடம் முன்பு, 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, முடிச்சூரில் முதல் மாடி வரை தண்ணீர் ஏறியிருந்தது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே நிலத்தில். நீரைத் தேக்க வேண்டிய நிலத்தில் வீட்டைத் தேக்கினால் மழைக்கு வெள்ளமும் கோடைக்கு வறட்சியும் சேர்ந்தே வரும்.

இந்த நிலம் எதற்கு உகந்தது என்று நம் முன்னோர் தனியாக வரைபடம் போடவில்லை, ஊர்ப்பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். தாங்கல் என்றால் சிறு ஏரி. ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்ற பெயரைக் கேட்டதுமே அங்கே நீர் நின்றது என்று தெரிந்துகொள்ளலாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. எந்த லேக், எங்கே வியூ என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. நீளமாக இருந்ததால் ஆங்கிலேயர் லாங் டேங்க் என்றார்கள். 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில வருடங்களில் அந்த ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகரைப் போட்டார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரியில்தான். தி.நகர் அழகான திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பனகல் பார்க்கும் அதிலிருந்து பிரியும் சாலைகளும் அந்தக் காலத்துக்கு அருமையான சிந்தனை. ஆனால் ஏரி என்பது காலி நிலம் என்ற எண்ணம் அரசு மட்டத்திலேயே அன்றைக்கு உறுதிப்பட்டது. அதன் பிறகு நூறு வருடமாக அந்த எண்ணத்தைத்தான் சுமக்கிறோம்.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவில் விரிந்து கிடந்த கழுவெளி என்று கணிக்கிறார்கள். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து கலங்கல் (உபரிநீர் வெளியேறும் வழி) வழியாக வழிகிற தண்ணீர் வந்து சேரும் இடம். அதற்குள் குப்பைக் கிடங்கு வந்தது, சாலைகள் வந்தன, கல்வி நிறுவனங்களும் அலுவலக வளாகங்களும் வந்தன. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது பதிவான பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். காப்பாற்றியதற்குச் சந்தோஷப்பட வேண்டும், உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் இழந்த மிச்சம் சட்டத்தை மீறியே போனது என்று நினைத்துவிடாதீர்கள். கணிசமான பகுதி முறையான கையெழுத்தோடு, அரசின் தேவைக்கே போயிருக்கிறது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் பயனற்ற தரிசு என்ற வகைப்பாட்டில் ஒரு நிலம் இருந்தால், அதன் விதி பாதி முடிந்துவிடுகிறது.

நில வகைப்பாடு என்று நாம் சொல்வதற்கு இவ்வளவு சக்தி உண்டு. முழுமைத் திட்டத்தில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, வேளாண்மை, நகர்ப்புறமல்லாதது என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் பூசுகிறார்கள். வேளாண்மை என்று பூசிய நிலம் ஒரு விலை. குடியிருப்பு என்று மாறிய மறுநாள் அது வேறு விலை. மண் அதேதான், மேலே பூசிய நிறம் மட்டும் மாறியது. அந்த நிறத்தை ஒவ்வொரு மனையாக மாற்றிக்கொள்ள 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. செய்தித்தாளில் சின்ன எழுத்தில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். ஐம்பது மாற்றங்களைச் சேர்த்து ஒரே வரைபடத்தில் வைத்தால் திட்டமே வேறாகியிருக்கும். தாங்கும் கணக்கு இப்படித்தான் நம் கையை விட்டுப் போகிறது.

ஒரு நினைவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், புறநகர் ஊர் ஒன்றில் தெரு அகலம் அளக்கப் போனேன். மனைப்பிரிவு வரைபடத்தில் முப்பது அடி. டேப்பைப் பிடித்தால் இருபத்திரண்டு. இரண்டு பக்கமும் ஆளுக்கு நான்கடி, படிக்கட்டும் திண்ணையுமாக உள்ளே வந்திருந்தது. அங்கே நின்ற பாட்டி ஒருவர், "எல்லாரும் வந்தாங்க தம்பி, நாங்களும் வந்தோம்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. விதி முப்பது அடித் தெருவுக்கு எழுதப்பட்டது, தீயணைப்பு வண்டி வர வேண்டியதோ இருபத்திரண்டு அடித் தெருவுக்குள்.

திட்டம் போட்டே வெளியே நகர்த்திய கதைகளும் உண்டு. 1975இன் முதல் முழுமைத் திட்டத்தில் மறைமலை நகர், மணலி புதுநகர் எல்லாம் துணை நகரங்கள். கொத்தவால் சாவடி 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது நல்ல உதாரணம், ஜார்ஜ் டவுன் மூச்சு விட்டது. மறைமலை நகர் நெடுங்காலம் தூங்கி வழிந்தது. மனை இருந்தது, வீடு இருந்தது, வேலை இல்லை. 1990களின் பிற்பாதியில் ஃபோர்டு தொழிற்சாலை வந்த பிறகுதான் அந்தப் பகுதிக்கே சூடு பிடித்தது. வேலையும் போக்குவரத்தும் போகாத இடத்தில் எவ்வளவு நிலத்தைத் திறந்துவிட்டாலும் அது வெறும் எண்தான்.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் ஏழைகள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தியவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் குடியிருப்புகள். நுங்கம்பாக்கத்தில் வீட்டு வேலை பார்த்தவர், ராயப்பேட்டையில் தள்ளுவண்டி போட்டவர், இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தார். வீட்டு எண்ணிக்கைப் பட்டியலில் அவை கட்டிமுடித்த சாதனை. அவருக்கோ வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் போயின. ஆற்றங்கரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று அழைத்துப்போய்க் குடிவைத்த இடமும் கழுவெளியை ஒட்டிய தாழ்நிலம். நகரத்துக்குள் அரசு நிலமும் பழைய வாரியக் குடியிருப்புகளும் இருக்கும்போது, அங்கேயே அடர்த்தியாகக் கட்டி அவர்களை அங்கேயே வைத்திருக்க வேண்டும். புதிய எஃப்எஸ்ஐயில் முதல் உரிமை அவர்களுக்குத்தான் என்று நான் நம்புகிறேன்.

எஃப்எஸ்ஐ ஏறினால் வீட்டு விலை இறங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தானாக இறங்காது. எண் ஏறிய செய்தி வந்த அன்றே நிலத்தின் விலை ஏறிவிடும், ஏனென்றால் அதே மண்ணில் கூடுதலாகக் கட்டலாம் என்று விற்பவருக்கும் தெரியும். பிரீமியம் எஃப்எஸ்ஐக்கும் பணம் கட்ட வேண்டும். ஆனால் பல இடங்களில், பல பேர், ஒரே காலத்தில் கட்ட முடிந்தால் நாளடைவில் ஏற்றத்தின் வேகம் குறையும். நான்கைந்து பெரிய சாலைகளில் மட்டும் 4.87 வரை திறந்துவிட்டு, உள்தெருக்கள் அப்படியே கிடந்தால் அந்தச் சாலைகளில் சொகுசு ஃபிளாட்டுகள்தான் எழும்பும். கட்டினால் யார் வாங்குவார் என்பது பில்டரின் கணக்கு, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது பழைய அடுக்குமாடிகள். 1980களிலும் 90களிலும் கட்டிய மூன்று மாடி ஃபிளாட்டுகள் அண்ணா நகர், கே.கே.நகர், அடையாறு என்று எங்கும் இருக்கின்றன. அங்கே குழாய் இருக்கிறது, பேருந்து இருக்கிறது, சில இடத்தில் மெட்ரோவும் பக்கத்தில். முன்பெல்லாம் ஒருவர் முரண்டு பிடித்தால் இடித்துக் கட்ட முடியாது. 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். மெட்ரோ இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர். அந்த நிலையங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் எத்தனை என்று எண்ணி, அங்கே குழாயை முதலில் பெரிதாக்கினால், ஒரு ஏரியையும் தொடாமல் பல லட்சம் பேரை இந்த நகரம் ஏற்றுக்கொள்ளும் என்பது என் கணிப்பு.

மூன்றாம் முழுமைத் திட்டம் 2026க்குப் பிறகான இருபது வருடத்துக்கானது. வரைவு கையில் கிடைத்தால் முன்பக்க வாசகங்களைப் புரட்டிவிட்டு நேராக வரைபடத்துக்குப் போங்கள். உங்கள் வார்டின் வரைபடத்தில் ஏரி உள்வாய் (நீர் நிற்கும் பரப்பு), வரத்து வாய்க்கால், கலங்கலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் பாதை மூன்றும் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஏரியை மட்டும் நீலமாகக் காட்டிவிட்டு வாய்க்காலை விட்டிருந்தால் அதை எழுத்தில் ஆட்சேபியுங்கள். அப்புறம், இந்தப் பகுதியில் எத்தனை பேர் கூடுவார்கள் என்று எழுதியிருக்கும் இடத்தில், அவர்களுக்கான தண்ணீர் எந்தத் திட்டத்திலிருந்து எந்த வருடம் வரும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வருடம் இல்லாத மக்கள்தொகை எண்ணை நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் சைதாப்பேட்டை மனை. எண் இன்னும் ஏறும் என்று காத்திருப்பது, உங்கள் தெரு அகலமாக இருந்தால் மட்டுமே பொருளுள்ளது. எனவே முதலில் டேப் எடுத்துச் சுவருக்குச் சுவர் அளந்து பாருங்கள். ஒன்பது மீட்டருக்குக் கீழே என்றால் பிரீமியம் கணக்கு உங்களுக்கு இல்லை, மாமா காத்திருப்பது வேறு யாருடைய தெருவுக்கோ வரப்போகும் மழை. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு நில வகைப்பாட்டைப் பாருங்கள். நில அளவைக் காட்டும் எஃப்எம்பி வரைபடமும் வில்லங்கச் சான்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலை விரிவாக்கக் கோடு மனைக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை சதுர அடி தருகிறார்கள் என்பதைவிட, பிரிக்கப்படாத நிலப் பங்கு உங்களுக்கு எத்தனை மிச்சம் என்பதில் கறாராக இருங்கள். முப்பது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் இடித்துக் கட்டும்போது கையில் இருக்கப்போவது அதுதான். கார்ப்பரேஷன் குழாயிலிருந்து தினமும் எத்தனை லிட்டர் வருகிறது, போர்வெல் எத்தனை அடியில், கோடையில் உப்புக் கரிக்கிறதா என்று பில்டரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. சைதாப்பேட்டை அடையாற்றங்கரை ஊர். 2015 டிசம்பரில் உங்கள் வீட்டில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று பெரியவர்களிடம் கேட்டு, அந்த மட்டத்தைச் சுவரில் ஒரு கோடு போட்டுவையுங்கள். பில்டர் வரைபடத்தோடு வரும்போது, லிஃப்ட் மோட்டாரும் மின் மீட்டர் பலகையும் குடிநீர் சம்ப்பின் மூடியும் அந்தக் கோட்டுக்கு மேலே வருகிறதா, கீழே வருகிறதா என்று அவரை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் கேளுங்கள்.